ஜிகினா சரத்தில் எமன்! கிறிஸ்துமஸ் மரமும் வீட்டுப் பூனையும்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். தாராவி 90 அடி சாலையில் இருந்து உள்ளே பிரியும் சந்துகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்கு மாடி வீடுகளின் ஜன்னல்களில் சர விளக்குகள் கண் சிமிட்டும். கிராபர்டு மார்க்கெட்டுக்கும் பாந்திரா ஹில் ரோட்டுக்கும் போனால், பச்சை பிளாஸ்டிக் மரங்களும் வண்ண உருண்டைகளும் ஜிகினா சரங்களும் மலைபோல் குவிந்து கிடக்கும்.

நெல்லைச் சீமையில் இருந்தும் குமரியில் இருந்தும் பிழைப்புத் தேடி இங்கே வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். ஊரில் இருந்தவரை சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து, மணல் நிரப்பிய வாளியில் நட்டு, அதில் பஞ்சையும் பலூனையும் தொங்கவிட்டால் அதுதான் கிறிஸ்துமஸ் மரம். மும்பையில் சவுக்குக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் மரம் வந்துவிட்டது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் நாற்றுப் பண்ணையில் தொட்டியோடு விற்கும் அரக்கேரியா செடியை வாங்கி வருகிறார்கள்.

மரத்தை நிறுத்தி, ஜோடித்து, விளக்கைப் போட்டதும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதே நேரத்தில் அந்த வீட்டில் இன்னொரு ஜீவன் மெல்ல வந்து மரத்தை முகர்ந்து பார்க்கும். ஒரு சுற்றுச் சுற்றும். வாலை ஆட்டும். முன்னங்காலைத் தூக்கி ஓர் உருண்டையைத் தட்டிப் பார்க்கும்.

"ஏல, பூனையைப் பிடில! மரத்துல ஏறப் போவுது!" என்று வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார்.

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால், சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைக் காலத்தில் பூனைகளின் உயிருக்கு உலை வைப்பது சாய்ந்து விழும் மரம் அல்ல. அதில் தொங்கும் ஒரு மெல்லிய இழை!

பூனை ஏன் ஏறுகிறது?

பூனையைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. பிறவியிலேயே அது மரம் ஏறும் பிராணி. உயரமான இடத்தில் உட்கார்ந்து கீழே நடப்பதைப் பார்ப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. தன் உயரத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கு உயரத்தை ஒரே தாவலில் எட்டிவிடும்.

அசையும் பொருள் எதுவானாலும் பூனையின் கண்ணுக்கு அது இரைதான். மின்விசிறிக் காற்றில் ஆடும் ஜிகினா அதற்கு எலியின் வால்! மினுக்கும் உருண்டை அதற்குப் பறக்கும் பூச்சி! வீட்டுக்குள்ளேயே ஒரு மரத்தைக் கொண்டு வந்து நட்டு, அதில் நூறு பொம்மைகளையும் தொங்கவிட்டு, "தொடாதே" என்றால் பூனைக்கு எப்படிப் புரியும்?

"மரம் வைக்கும் பத்து நாளைக்குப் பூனையைத் துரத்திவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். தாராவியில் அந்தப் பேச்சு எடுபடாது.

எலிக்குக் காவல்

மும்பைக்கும் எலிக்கும் உள்ள பகை பழையது. 1896-ம் ஆண்டு செப்டம்பரில் இந்த நகரின் மாண்டவி பகுதியில் பிளேக் நோய் தலைகாட்டியது. அது பிளேக்தான் என்று முதலில் கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். அந்த நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போனது. ஊரே காலி ஆனது.

அந்தக் காலத்தில் இந்திய மருத்துவப் பணியில் இருந்த புக்கானன் என்ற வெள்ளைக்கார டாக்டர், பூனை வளர்க்கும் வீடுகளில் பிளேக் அண்டுவது குறைவு என்று 1908-ல் ஆங்கில மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். பூனைக்கும் பிளேக் வரும் என்பது பின்னால் தெரிந்த விஷயம். ஆனாலும், பூனை இருக்கும் வீட்டில் எலி தயங்கித்தான் கால் வைக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இன்றைக்கும் மழைக் காலம் வந்தால் மும்பையில் எலிக்காய்ச்சல் பயம் வந்துவிடுகிறது. மாநகராட்சி இரவு நேரத்தில் எலி அடிப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் ஒன்றாக இருக்கும் வீட்டில், பூனை என்பது ஆசைக்கு வளர்ப்பது மட்டும் அல்ல. சம்பளம் வாங்காத காவல்காரன்!

அந்தக் காவல்காரனைத்தான் நாம் அலங்கார மரத்தின் அடியில் ஆபத்தில் விடுகிறோம்.

முள் வைத்த நாக்கு

பூனையின் நாக்கு உங்கள் கையை நக்கும்போது சொரசொரவென்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் நகம் போன்ற பொருளால் ஆன மிக நுண்ணிய முட்கள் இருக்கின்றன. அவை எல்லாம் தொண்டையைப் பார்த்து, உள்பக்கமாக வளைந்தவை. எலும்பில் ஒட்டிய இறைச்சியைச் சுரண்டவும் உடம்பு ரோமத்தைச் சீவவும் இயற்கை கொடுத்த சீப்பு அது.

ஆனால், அந்தச் சீப்பே சில வேளை எமனாகிவிடும். ஒரு நூலோ ஜிகினா இழையோ நாக்கில் பட்டுவிட்டால் பூனையால் அதைச் சுலபமாகத் துப்ப முடியாது. முட்கள் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். துப்ப முடியாமல் விழுங்கிவிடும்.

விழுங்கியது வெளியே வந்துவிடாதா என்று கேட்கலாம். உருண்டையான சிறு பொருள் என்றால் பல நேரம் மலத்தோடு வந்துவிடும். இழையின் சங்கதி வேறு. அதன் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும். அல்லது இரைப்பையின் வாசலில் முடிச்சாகச் சிக்கிக்கொள்ளும். மறு முனை குடலுக்குள் இறங்கிவிடும்.

பாவாடை நாடா போல...

குடல் சும்மா இருக்காது. உள்ளே வந்த பொருளை முன்னே தள்ளுவதுதான் அதன் வேலை. இழையின் ஒரு முனை மேலே மாட்டிக்கொண்டு இருப்பதால் அது நகராது. அதைத் தள்ளப் பார்க்கும் குடல்தான் அதன் மீதே ஏறிச் சுருங்கும்.

பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருக்கம் சுருக்கமாக மேலே ஏறுகிறது அல்லவா? அப்படித்தான் பூனையின் குடல் அந்த இழையின் மீது கொசுவம் கொசுவமாகச் சுருங்கிவிடும். இழுபட்டு விறைப்பாக நிற்கும் இழை, குடலின் உள்சுவரைக் கத்திபோல் அறுக்கத் தொடங்கும். ஓட்டை விழுந்தால் குடலில் உள்ள கழிவு வயிற்றுக்குள் கசியும். சீழ் பிடிக்கும். அதன் பிறகு பிழைப்பது கடினம்.

இவ்வளவும் சத்தம் இல்லாமல் நடக்கும். மரம் சாய்ந்தால் வீடே எழுந்து ஓடி வரும். ஓர் இழை காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

ஜிகினா இழைக்கு நீண்ட கதை உண்டு. ஜெர்மனியின் நியூரம்பெர்க் பக்கத்தில் அசல் வெள்ளியைத் தகடாக அடித்து இழை இழையாக வெட்டி மரத்தில் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு ஈயத்தில் செய்தார்கள். ஈயம் குழந்தைகளின் உடம்புக்கு நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 1972-ம் ஆண்டோடு அதற்கு முடிவு கட்டினார்கள். இப்போது கிடைப்பது பிளாஸ்டிக். ஈயத்தின் நஞ்சு போய்விட்டது. இழையின் ஆபத்து போகவில்லை.

ஜிகினா மட்டும் அல்ல. பரிசுப் பொட்டலத்தில் கட்டும் சுருள் ரிப்பன், கேக் பெட்டியின் நூல், இறைச்சிப் பொட்டலம் கட்டிய சணல், தலையில் வைத்துக் கழற்றிப் போட்ட பூச்சரத்தின் நார் - எல்லாம் ஒரே ஜாதிதான். தையல் வேலை நடக்கும் வீடுகளில் ஊசியோடு கூடிய நூல் இன்னும் மோசம். பனி என்று சொல்லி மரக்கிளையில் ஒட்டும் பஞ்சையும் தெர்மோகோல் குண்டுகளையும்கூட விளையாட்டுப் பூனைகள் தின்றுவிடும். அவை குடலை அடைக்கும்.

இழுக்காதீர்கள்!

பூனையின் வாயிலோ, ஆசன வாயிலோ இழை தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, பிடித்து இழுக்க வேண்டும் என்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள்!

உள்ளே எங்கே சிக்கி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இழுத்தால் ஏற்கனவே கொசுவம் போட்டிருக்கும் குடல் கிழிந்துவிடும். விளக்கெண்ணெய் கொடுப்பது, வாழைப்பழத்தில் சுருட்டி ஊட்டுவது, உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது போன்ற கை வைத்தியங்களும் வேண்டாம். ஒரு கூடையில் போட்டு, மேலே துணி கட்டி, நேரே மிருக டாக்டரிடம் கொண்டு போவதுதான் வழி.

முன்கூட்டியே பிடித்தால் அறுவைச் சிகிச்சையால் காப்பாற்றலாம். ஆனால், அந்தச் செலவு கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் பண்டிகைப் பணம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடும். ஜிகினாவை வாங்காமல் இருப்பதற்குச் செலவே இல்லை!

ஜிகினாவுக்குப் பதில் என்ன?

ஜிகினா இல்லாவிட்டால் மரம் மொட்டையாக இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். பழைய பட்டுப் பாவாடைத் துணியில் அகலமான பட்டிகள் வெட்டி, வில் போல் முடிந்து கட்டுங்கள். பனை ஓலையில் குருவி, மீன், நட்சத்திரம் செய்யத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். தடித்த அட்டையில் பிள்ளைகளை வைத்து நட்சத்திரம் வெட்டி வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். மரத்தாலும் துணியாலும் ஆன பொம்மைகள் கீழே விழுந்தாலும் உடையாது.

கண்ணாடி உருண்டைகள் வேண்டவே வேண்டாம். முட்டை ஓடு போல் நொறுங்கும். பூனையின் பாதத்தைக் கிழிக்கும். அடுத்து அதே இடத்தில் தவழும் குழந்தையின் கையையும் கிழிக்கும். உருண்டை மாட்டும் கம்பிக் கொக்கியும் ஆபத்தானது. அதற்குப் பதில் துணிப் பட்டியால் கிளையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடலாம்.

மரத்தின் கீழ்ப் பகுதி மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். பூனையின் கை எட்டும் இடத்தில் ஆடும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது.

மரம் சாயாமல் நிற்க

மரத்தை வாங்கி வந்த அன்றே ஜோடித்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று நாள் வெறும் மரமாகவே நிற்கட்டும். பூனை முகர்ந்து பார்க்கும். உரசிப் பார்க்கும். புதுமை தீர்ந்துவிட்டால் பாதி ஆசை போய்விடும்.

பிளாஸ்டிக் மரத்தின் இரும்புக் கால்களை நம்பக் கூடாது. பெரிய வாளியிலோ தகர டின்னிலோ மரத்தின் அடியை இறக்கி, சுற்றிலும் செங்கலும் மணலும் நிரப்புங்கள். பிறகு மரத்தின் நடுப் பகுதியில் தடித்த கம்பியைக் கட்டி, ஜன்னல் கம்பியில் ஒரு முனையும் சுவரில் அடித்த ஆணியில் ஒரு முனையுமாக இரண்டு திசையில் இழுத்துக் கட்டுங்கள். பூனை ஏறினாலும் மரம் சாயாது.

கட்டில், பீரோ, டெலிவிஷன் மேஜை ஆகியவற்றின் பக்கத்தில் மரத்தை வைத்தால் அவை எல்லாம் பூனைக்குப் படிக்கட்டு! கொஞ்சம் தள்ளி மூலையில் வையுங்கள்.

"தள்ளி வைக்க இடம் ஏது?" என்று தாராவிவாசிகள் கேட்பது நியாயம். பத்துக்குப் பத்து அறையில் எல்லாமே ஒன்றுக்கொன்று ஒட்டித்தான் இருக்கும். அவர்களுக்கு வேறு வழி உண்டு. பச்சைத் துணியை மர வடிவில் வெட்டிச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஆணி அடித்து மாட்டலாம். அல்லது பரணின் விளிம்பில் சின்ன மரத்தைக் கட்டி நிறுத்தலாம். தரையில் இடமும் மிச்சம். பூனைக்கும் எட்டாது.

தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள் தொட்டியின் மண்ணைக் கல் பரப்பி மூடிவிட வேண்டும். தட்டில் தேங்கும் உரம் கலந்த தண்ணீரைப் பூனை குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்கேரியா இலையைக் கடித்துத் தின்றால் பூனை வாந்தி எடுத்துச் சோர்ந்து போகலாம்.

கடைசியாக ஓர் உபாயம். கீழ்க் கிளையில் இரண்டு, மூன்று மணிகளைக் கட்டிவிடுங்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது பழைய கேள்வி. மரத்துக்கு நீங்களே மணி கட்டிவிடலாம். பூனை கை வைத்ததும் 'கிணுகிணு' என்று உங்களைக் கூப்பிடும்!

மின்சாரத்தோடு விளையாட்டா?

கிறிஸ்துமஸ் மரத்தில் மின் விளக்கை முதன்முதலில் போட்டது 1882-ல், நியூயார்க்கில். விஞ்ஞானி எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் தன் வீட்டு மரத்தில் அப்படிச் செய்தார். அதற்கு முன்பெல்லாம் மெழுகுவத்திதான். எத்தனையோ வீடுகள் தீப்பிடித்தன. மின் விளக்கு வந்து அந்தப் பயம் குறைந்தது. ஆனால், பூனைக்குப் புதுப் பயம் வந்தது.

குட்டிப் பூனைகளுக்கு வயரைக் கடிக்கும் பழக்கம் உண்டு. மலிவு விலைச் சர விளக்குகளின் வயர் மெல்லியது. ஒரு கடியில் பல் உள்ளே இறங்கிவிடும். வாய் வெந்துவிடும். இதயம் நின்றுவிடலாம். அப்போது தப்பிப் பிழைத்த பூனைக்குக்கூடச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். ஆகவே, எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயரைக் கடித்தபடி பூனை விறைத்துக் கிடந்தால் ஓடிப் போய்த் தூக்காதீர்கள். உங்களுக்கும் ஷாக் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகுதான் பூனை.

விளக்கு வயரைத் தரையில் ஓட விடாமல் சுவரோடு மேலே கொண்டு போங்கள். தரையில் வரும் பகுதியைப் பழைய பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மூடுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோதும் தூங்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குடிலில் வைக்கோல் பரப்பி இருப்பீர்கள். அந்த இதமான வைக்கோலில் பூனை போய்ச் சுருண்டு படுக்கும். அதன் பக்கத்தில் மெழுகுவத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

பூக்கடையில் ஓர் எச்சரிக்கை

மாட்டுங்கா பூக்கடைகளில் மல்லிகை, சாமந்தியோடு இப்போது நீளத் தண்டு வைத்த லில்லிப் பூக்களும் கிடைக்கின்றன. வெள்ளை நிறம், பெரிய இதழ், நல்ல வாசம். பண்டிகைக்குப் பூச்சாடியில் வைக்கப் பலர் வாங்குகிறார்கள்.

பூனை உள்ள வீட்டுக்கு இந்தப் பூ ஆகவே ஆகாது! இதழ், இலை, தண்டு, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் - எல்லாமே பூனைக்குக் கொடிய விஷம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். இரண்டு, மூன்று நாளில் சிறுநீரகம் செயலற்றுப் போகும். லில்லியைத் தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த மணி நேரமே டாக்டரிடம் ஓட வேண்டும்.

நம் ஊர்ச் செங்காந்தளும் வீட்டுக்குள் வேண்டாம். அதுவும் நஞ்சுதான். மேல் இலைகள் சிவப்பாக மாறும் பாயின்செட்டியா செடியைப் பற்றித்தான் அளவுக்கு மீறிய பீதி. அதன் பால் பட்டால் வாய் எரியும், கொஞ்சம் வாந்தி வரும். அவ்வளவுதான். ரோஜாவும் மல்லிகையும் வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

விரட்டப் போய்க் கொன்றுவிடாதீர்கள்

பூனை மரத்துப் பக்கம் வராமல் இருக்கச் சிலர் அடியில் அந்துருண்டை போடுகிறார்கள். சிலர் சுற்றிலும் பினாயில் தெளிக்கிறார்கள். இரண்டும் பெரிய தவறு. பினாயில் வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போய்விடும். அந்துருண்டையும் அப்படியே.

ஆரஞ்சுப் பழத் தோலைப் போட்டுப் பாருங்கள். பல பூனைகளுக்கு அந்த வாசனை பிடிக்காது. மரத்தின் அடியில் பளபளக்கும் அலுமினியத் தாளை விரித்தாலும் அந்தச் சரசரப்புக்குப் பயந்து சில பூனைகள் விலகிப் போகும். தாளைக் கிழித்துத் தின்னும் பூனை என்றால் மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, பூனைக்கும் பண்டிகையில் ஒரு பங்கு கொடுப்பது. ஓர் அட்டைப் பெட்டி, ஏறி உட்கார ஓர் உயரமான இடம், மாலையில் பத்து நிமிட விளையாட்டு. விளையாடிக் களைத்து, வயிறு நிறையத் தின்ற பூனை மரத்தைத் தேடாது. உறக்கத்தைத்தான் தேடும்.

பலகாரத் தட்டு

முறுக்கும் முந்திரிக்கொத்தும் மும்பையில் கற்றுக்கொண்ட கல்கல்லும் தட்டில் இருக்கும். பூனை அவற்றைச் சீந்தாது. ஆனால், வெங்காயமும் பூண்டும் மிதக்கும் கறிக் குழம்பை மோப்பம் பிடித்து வரும். வெங்காயம், பூண்டு இரண்டுமே பூனையின் ரத்த அணுக்களை அழிப்பவை. வேக வைத்த கோழி எலும்பு முள்ளாகப் பிளந்து தொண்டையில் குத்தும். சாக்லேட் கூடாது. திராட்சை போட்ட கேக்கும் வேண்டாம்.

ஆசையாக இருந்தால், உப்பு, மசாலா போடாமல் வேக வைத்த மீன் துண்டில் முள் எடுத்துக் கொடுங்கள். அதுதான் அதற்குக் கிறிஸ்துமஸ் விருந்து.

நடு இரவில் வீடு தனியே...

24-ம் தேதி இரவுதான் மிகவும் உஷாராக இருக்க வேண்டிய நேரம். புத்தாடை உடுத்திக் குடும்பமே தேவாலயத்துக்குப் போய்விடும். மாட்டுங்கா டான் பாஸ்கோ மாதா ஆலயத்திலும் செம்பூர் சகாய மாதா ஆலயத்திலும் கூட்டம் அலைமோதும். வீட்டில் மரமும் பூனையும் மட்டும்.

பூட்டுமுன் விளக்குச் சரத்தின் பிளக்கைப் பிடுங்குங்கள். மெழுகுவத்தியை அணையுங்கள். பரிசுப் பொட்டலங்களை ரிப்பனோடு பீரோவுக்குள் வையுங்கள். இரண்டு அறை இருந்தால் பூனையைத் தண்ணீரோடும் மணல் தட்டோடும் மற்ற அறையில் விடுங்கள். ஒரே அறை என்றால் மரத்தின் மேல் பழைய புடவையைப் போர்த்திவிட்டுப் போங்கள்.

பட்டாசுச் சத்தத்துக்கு அஞ்சிப் பூனை கதவைத் திறந்ததும் தெருவில் பாய்ந்துவிடும். புத்தாண்டு இரவிலும் இதே கதைதான். அன்றைக்கு மாலையே உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவது நல்லது.

எப்போது டாக்டரிடம் போவது?

திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால், வயிற்றைத் தொட்டால் சீறினால், வாயைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தால், மலம் போகாமல் முக்கினால் - தாமதம் வேண்டாம். ஒரு நாள் முழுவதும் எதுவும் தின்னாத பூனை நோயாளிப் பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் கூடவே கூடாது. மனிதர்களுக்குக் காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று பூனையைக் கொன்றுவிடும்.

மும்பைவாசிகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி 1883-ல் தொடங்கியது. ஆலை அதிபர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் தன் மனைவியின் பெயரில் கொடுத்த கொடை அது. 1874-ல் பிறந்த பிராணி வதைத் தடுப்புச் சங்கம் அதை நடத்துகிறது. அதே பரேலில்தான் 1886-ல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. 2024-ல் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளை சிறு பிராணிகளுக்கென்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தது.

தாராவிக்காரர்களுக்குப் பரேல் தூரமே இல்லை. சயானில் ரெயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல்! பண்டிகை நாளில் எந்த டாக்டர் எத்தனை மணி வரை இருப்பார் என்பதை முன்கூட்டியே விசாரித்து, போன் நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டால் நள்ளிரவில் அலைய வேண்டாம்.

மரத்தைப் பிரித்த பிறகும்...

ஐஸ்லாந்து நாட்டில் ஒரு பழங்கதை உண்டு. கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை உடுத்தாதவர்களை ஒரு பூதாகாரமான பூனை வந்து தின்றுவிடுமாம்! அந்த ஊர்ப் பிள்ளைகள் பூனைக்குப் பயப்படுகிறார்கள். நம் வீட்டிலோ பூனைதான் பண்டிகைக்குப் பயப்பட வேண்டும் போல் இருக்கிறது. அந்த நிலை வேண்டாம்.

ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளோடு மரத்தைப் பிரிப்பது வழக்கம். அப்போதும் அசட்டை கூடாது. இழையும் நூலும் கம்பியும் தரையில் சிதறுவது அன்றைக்குத்தான். கட்டிலுக்கு அடியிலும் பாய்க்கு அடியிலும் நன்றாகப் பெருக்குங்கள்.

பெருக்கி முடிப்பதற்குள் சங்கராந்தி வந்துவிடும். மும்பை மொட்டை மாடிகளில் காற்றாடி பறக்கும். அறுந்து விழும் மாஞ்சா நூல் சந்துகளில் கிடக்கும். அதுவும் நூல்தான். அதே பூனைதான். மரத்தடியில் கற்ற பாடம் மாடிப்படியிலும் உதவும்.

ஆண்டு முழுவதும் இரவில் விழித்திருந்து எலியை விரட்டி, நம்மைத் தூங்க வைக்கும் ஜீவன் அது. மரத்தில் இருந்து ஒரு முழ ஜிகினாவைக் கழற்றிப் போடுவதால் பண்டிகையின் ஒளி ஒன்றும் குறைந்துவிடாது. பூனை இல்லாத வீட்டில்தான் பண்டிகை இருண்டு போகும்!